அம்மாவுக்குப் பாஷை தெரியாது

எங்கள் சொந்தத்தில் பெண்கள் வெளிநாடு போவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது: அங்கே ஒரு மகளுக்குப் பிரசவம் ஆக வேண்டும். அத்தை, பெரியம்மா, அப்பாவின் தம்பி மனைவியான சித்தி எல்லோரும் அப்படித்தான் அமெரிக்கா போனார்கள். பெட்டி நிறைய பெருங்காயமும் பிரசவ லேகியமும் கொண்டுபோய், ஆறு மாதம் அடுப்பங்கரையிலும் தொட்டில் பக்கத்திலுமாகக் கழித்துவிட்டு, ஏதோ ஓர் அருவிக்கு முன்னால் பட்டுப்புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக நின்று எடுத்த போட்டோவோடு திரும்பி வருவார்கள். அதன்பிறகு பத்து வருஷத்துக்கு, "அங்கேல்லாம் குழாயைத் திறந்தா சுடுதண்ணி" என்று பேச்சு நடக்கும்.

என் அம்மாவுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. நான் ஒரே மகள். வயது முப்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. கல்கத்தாவில், பவானிபூரில், நான் பிறந்த அதே வாடகை வீட்டில் அவளோடு இருந்துகொண்டு ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். என் தயவில் அவளுக்கு எந்த நாட்டு விசாவும் கிடைக்க நியாயமில்லை.

ஒருநாள் பாளையங்கோட்டையிலிருந்து சித்தி போன் செய்தாள். இரண்டாவது பேரனுக்காக மறுபடியும் கிளம்புகிறாளாம். "அக்கா, நீங்களும் ஒரு தடவ பாத்துட்டு வரணும். என்ன செய்ய, கூப்பிட ஆளு வேணும்லா" என்று வருத்தப்பட்டிருக்கிறாள். அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, பாஸ்போர்ட்டு எடுக்க எத்தன நாளாவும்?"

எங்கள் தெருமுனையில் இருந்த ஒரு டூர் கம்பெனி பாங்காக்குக்கும் பட்டாயாவுக்கும் ஆறு நாள் கூட்டிப்போனது. விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான். ஊருக்குத் தகவல் சொன்னபோது சித்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "தாய்லாந்தா? அங்க யாருக்குப் பிரசவம்?"

அம்மாவுக்கு வங்காளி தெரியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கிடர்பூர் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலையாக இருந்த அப்பா, கல்யாணம் முடிந்த கையோடு அவளைக் கல்கத்தாவுக்குக் கூட்டிவந்தார். அவர் செத்து மூன்று வருஷம் ஆன பிறகும், வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆன பிறகும், "எனக்கு இந்தப் பாஷ வராது" என்றுதான் சொல்வாள். ஆறு வயதிலிருந்து நான்தான் அவளுக்கு வாய். காய்காரன், பால்காரன், வேலைக்காரி, மாடியில் இருக்கும் வீட்டுக்காரி எல்லோரிடமும் நான் பேசுவேன். அவள் எனக்குப் பின்னால் பையோடு நின்று தலையை ஆட்டுவாள்.

ஒன்பது வயதில் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். "வெள்ளைப்படுதுன்னு சொல்லு" என்றாள். எனக்கு அது என்னவென்றே தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்கிற ஆளா நான்? "அம்மாவுக்கு வெள்ளை விழுகிறது" என்று கணீரென்று மொழிபெயர்த்தேன். டாக்டர் கண்ணாடியை இறக்கி, "எந்தச் சுவரிலிருந்து?" என்று கேட்டார். கம்பவுண்டர் சிரித்த சிரிப்பில் மருந்துக் குப்பி ஒன்று உருண்டது. அம்மா எதுவும் புரியாத முகத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

தொண்ணூறுகளின் கடைசியில், அப்பா செத்த மறுவருஷம், ஆபீசில் எனக்குப் பதவி உயர்வோடு பம்பாய்க்கு மாற்றல் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். கேட்டவர்களிடமெல்லாம், "அம்மாவுக்குப் பாஷை தெரியாது, தனியா விட முடியாது" என்றேன். அவளையும் கூட்டிப்போயேன் என்றவர்களிடம், "புது ஊர், புது பாஷை, பாவம் தாங்கமாட்டாள்" என்றேன். கேட்டவர்கள் என்னைத் தியாகி என்றார்கள். நானும் மறுக்கவில்லை. என் வங்காளித் தோழியிடம் கூடத்தில் நின்று போனில் மணிக்கணக்காக அழுதேன், எல்லாம் வங்காளியில். "இவள் அம்மா இல்லை, காலில் கட்டிய கல்" என்றேன். நாலடி தள்ளி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தால், ஒன்றுமில்லை என்று கையால் ஜாடை காட்டிச் சிரிப்பேன்.

பாங்காக் கிளம்பிய கூட்டத்தில் இருபத்தாறு வங்காளிகள், இரண்டு தமிழர்கள். வங்காளிகள் ஆளுக்கு ஒரு பை பொரியும், ஹோமியோபதி உருண்டைகளும், பஸ்ஸின் ஏ.சி.க்கு அஞ்சிக் குரங்குக் குல்லாயும் கொண்டுவந்திருந்தார்கள். தார் உருகுகிற வெயிலில், பஸ்ஸுக்குள்ளே இருபத்தாறு பேரும் டார்ஜிலிங்கில் இருப்பதுபோல் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டூர் கம்பெனி கல்கத்தாவிலிருந்தே ஒரு சமையற்காரரைக் கூட்டிவந்திருந்தது. அவர் ஹோட்டலின் பின்கட்டில் அடுப்பு மூட்டி, கசகசா அரைத்து உருளைக்கிழங்கு சமைத்தார். தாய்லாந்துச் சோறு ஒரு பருக்கைகூட யார் வாயிலும் படவில்லை. பட்டாயாவில் கடலைப் பார்த்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நம்ம திகா கடற்கரை இதைவிடத் தேவலை.

நாங்கள் மட்டும் என்ன உசத்தி? அம்மாவின் பெட்டியில் பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், வறுத்த ரவை, ஒரு மின்சாரக் கெட்டில். அந்தக் கெட்டிலில், நான்கு நட்சத்திர ஹோட்டலின் ஒன்பதாவது மாடியில், உப்புமா கிண்டினாள்.

போகிற இடமெல்லாம் நான் வேலையை விடவில்லை. வழிகாட்டியாக வந்த தாய்லாந்துக்காரி ஆங்கிலத்தில் சொல்வாள், டூர் மேனேஜர் வங்காளியில் சொல்வார், நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். மூன்று கை மாறி வந்த புத்தரை அவள் பக்தியோடு கும்பிடுவாள். முன் சீட்டில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியரின் மனைவி, வங்காளி வழக்கப்படி நான் மாஷிமா, அதாவது பெரியம்மா, என்று அழைத்தவர், திரும்பித் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "கிச்சு போஜே நா, ஆஹா! ஒன்றும் புரியாமல் எப்படித்தான் இருக்கிறாளோ. உன்னைப்போல ஒரு பெண் கிடைத்ததே" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அடக்கமாகச் சிரிப்பதில் எனக்கு அப்போது நல்ல பழக்கம் இருந்தது.

நான்காம் நாள் காலையில் தீவுக்குப் படகில் போவதாக ஏற்பாடு. முந்தின நாள் தெருவோரத்தில் பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் ஒரு பண்டத்தை, கூட்டத்திலேயே நான் ஒருத்தி மட்டும், எல்லோரும் பார்க்க வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். விடிந்ததிலிருந்து கழிவறையை விட்டு நகர முடியவில்லை.

"நீ படுத்துக்கோ. நான் போயிட்டு வாரேன்" என்றாள் அம்மா.

"எப்படிம்மா போவ? யாராவது ஏதாவது கேட்டா?"

"தலையாட்டுதேன்."

மனசு கேட்கவில்லை. ஹோட்டல் காகிதத்தில் ஒரு பக்கம் வங்காளியிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலும் எழுதினேன்: 'இவருக்கு வங்காளி, இந்தி, ஆங்கிலம் எதுவும் தெரியாது. சைவம். வழி தவறினால் இந்த ஹோட்டலில் சேர்க்கவும்.' அதை அவள் கைப்பையின் வாரில் ஊக்கு போட்டுக் குத்தினேன். அறுபது வயது மனுஷி, எல்.கே.ஜி. பிள்ளைபோல் கையை அகட்டிக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரோடு கீழே வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தேன். பஸ் வந்து நின்றது. கதவு திறந்ததும் ஒரே சிரிப்பு. உள்ளே யாரோ ஒரு பெண் வங்காளியில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல பவானிபூர் வங்காளி, எங்கள் வேலைக்காரி பேசுகிற மாதிரி, ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் இழுத்து முறித்து. "டாக்டர் பாபு கண்ணாடியை இறக்கிக் கேட்கிறார், கோன் தேயால் தேகே?" எந்தச் சுவரிலிருந்து?

கதையைத்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டேன். அதற்குப் பிறகுதான் குரல்.

புதிதாக வாங்கின ஓலைத் தொப்பியோடு அம்மா இறங்கினாள். மாஷிமா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி இறங்கினார். அம்மா என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள்.

"வயிறு எப்படிட்டி இருக்கு?"

மாஷிமா என்னிடம், "ஏன் சொல்லவே இல்லை? உன் வங்காளியைவிட உன் அம்மாவின் வங்காளி எவ்வளவு இனிமை! உன்னுடையது ஆபீஸ் வங்காளி" என்றார். நான் எழுதிய சீட்டைப் படகில் அம்மாவே அவிழ்த்துக் காட்டினாளாம். அது எல்லோர் கைக்கும் போய்வந்ததாம். டூர் மேனேஜர் அதை இரண்டு முறை உரக்கப் படித்தாராம்.

அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினேன்.

"வங்காளி தெரியாதுன்ன."

"மொதல்ல தெரியாதுதான். ஏழெட்டு வருசத்துல தெரிஞ்சுபோச்சு."

"பின்ன ஏன் சொல்லல?"

அம்மா தொப்பியைக் கட்டில்மேல் வைத்தாள். "அதுக்குள்ள நீ பேச ஆரம்பிச்சிட்ட. கட முன்னால இடுப்புல கைய வச்சிக்கிட்டு நிப்ப. உனக்கு அது பெரிய சந்தோசமா இருந்துச்சு. கெடுப்பானேன்னு விட்டேன். பொறவு எனக்கும் அது சௌகரியமா போச்சு. பாஷ தெரியாதவ முன்னால சனங்க எல்லாத்தையும் பேசுதாங்க. மாடிவீட்டுக்காரி நம்மளக் காலி பண்ணச் சொல்லப் போறான்னு உங்கப்பாக்கு யாரு சொன்னாங்கன்னு நெனச்ச?"

கூடத்தில் நின்று தோழியிடம் அழுததெல்லாம் நினைவுக்கு வந்தது.

"அப்போ நான் போன்ல பேசினது?"

"எது? காலுல கட்டின கல்லா?"

அந்த நிலைமையிலும் எனக்குக் கோபம்தான் வந்தது. "உனக்காகத்தானே பம்பாய் போகாம இருந்தேன்! தெரியும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்லா? என் வாழ்க்கையே..."

"ஏளா, சும்மா இரி" என்றாள். சத்தம் போடவில்லை. கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே பேசினாள். "ஆறு மாசம் காத்துக்கிட்டிருந்தேன், போவேன்னு. பொட்டியக்கூட எறக்கித் தொடச்சு வச்சேன். உனக்குப் பயம். அந்த ஊருல ரூம் புடிச்சு ஒத்தையில இருக்கப் பயம். அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அம்மாக்குப் பாஷ தெரியாதுன்ன. சரி, நம்ம புள்ளதான, நம்ம பேரச் சொல்லித் தப்பிச்சுக்கிடட்டும்னு இருந்தேன். இப்பம் என்னத்துக்கு என்கிட்ட வாற?"

அவள் பொய் சொன்னாள் என்று ஒரு பெரிய குற்றப்பத்திரிகையோடு மாடி ஏறி வந்தவள் நான். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அழுவதிலும் ஒரு கண்ணால் அவள் பார்க்கிறாளா என்று பார்த்தேன். அவள் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரசம் வச்சுத் தாரேன். வயித்துக்கு நல்லது" என்றாள்.

மீதி நாட்களில் நான் பைதூக்கியாகப் பின்னால் நடந்தேன். அம்மா முன் சீட்டில் மாஷிமாவோடு உட்கார்ந்து, இருபத்தாறு பேரின் முழங்கால் வலியையும் மருமகள்களையும் பற்றி விவரமாகக் கேட்டு அறிந்துகொண்டாள். குரங்குக் குல்லாய் ஒன்றும் அவளுக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டாள். சுற்றுலாவின் கடைசி மாலையில் எல்லோரும் சேர்ந்து வங்காளிப் பாட்டுப் பாடியபோது, அவளுக்கு வரிகளும் தெரிந்திருந்தன. எனக்கு இரண்டாவது அடிக்கு மேல் தெரியவில்லை.

பவானிபூர் திரும்பியதும் அவள் மறுபடி ஊமையானாள். ஒரு வாரம் கழித்து, காய்காரன் முன்னால் என் தோளை இடித்து, "கேளு" என்றபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் இன்னும் நடிக்கிறாய் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "இவ்வளவு வருசங் கழிச்சு, தெரியும்னு சொன்னா, என் முன்னால பேசினதையெல்லாம் நெனச்சு அதுகளுக்குச் சங்கடமா இருக்கும்லா" என்றாள். என் சங்கடத்தைப் பற்றி அவளுக்கு அப்படி எந்தக் கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் நானே மாற்றல் கேட்டு எழுதினேன். ரோஷம்தான். பம்பாய் கேட்டேன், புவனேஸ்வர் கொடுத்தார்கள். ரயிலில் ஒரு பகல். உறவுக்காரர்களிடம் பேசும்போது ஊர்ப்பெயரைச் சொல்லாமல், "வெளிமாநிலப் போஸ்டிங்" என்று சொல்லிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. முதல் மாதம் முழுக்க பிஸ்கட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

அவள் சொன்னது முழுக்கச் சரியா என்று இன்றைக்கும் நான் முடிவு செய்யவில்லை. பாதி சரி. மீதிப் பாதிக்கு அவள்மேல் பழி போடுவதை நான் இன்னும் விடவில்லை. இந்த வயதில் அதற்கு வேறு ஆளைத் தேட முடியாது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை சனிக்கிழமை வீட்டுக்கு வருவேன். அம்மா பல சமயம் வீட்டில் இருக்கமாட்டாள். மாஷிமாவோடு எங்காவது போயிருப்பாள். ஒருமுறை சாப்பாட்டு மேஜைமேல் சிங்கப்பூர் டூர் விளம்பரத் தாள் கிடந்தது. தேதியில் பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

"எனக்கு அப்ப லீவு கிடைக்குமான்னு பாக்கணும்" என்றேன்.

"உன்ன யாரு கூப்பிட்டா? ரெண்டு பேருக்குத்தான் சொல்லியிருக்கு" என்றாள் அம்மா.

அவர்களை விமான நிலையத்துக்கு அழைத்துப் போனது நான்தான். இரண்டு கிழவிகளும் தள்ளுவண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, எந்தப் பெட்டியை மேலே வைப்பது என்று வங்காளியில் சண்டை போட்டபடி கண்ணாடிக் கதவுக்குள் போனார்கள். திரும்பிப் பார்ப்பாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். காவல்காரர் வந்து, வழியை மறிக்காமல் தள்ளி நிற்கச் சொன்னார்.