பெயரைச் சொன்னது யார்?

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் மாத்திரை பேக்கிங் செய்யும் கம்பெனியில் சேர்ந்த மெர்சி, எந்த ஊரில் குடியிருக்கிறாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் விஜய்குமாரின் அடிக்குப் பயந்து சொந்த ஊரான தங்கவயலை விட்டு வந்தவள் அவள். பின்னால் யாராவது வேகமாக நடந்தால் நின்று வழிவிட்டுவிடுவாள். கேன்டீனில் தட்டு விழுந்தால் இரண்டு கைகளும் தாமாகவே தலையை மூடிக்கொள்ளும்.

அதைப் பார்த்துவிட்டவள் கூட வேலை செய்யும் ஃபாத்திமா. அன்றிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவில் பாதியை மெர்சி பக்கம் தள்ளத் தொடங்கினாள். இவளுக்கு எதற்கு இத்தனை அக்கறை என்று மெர்சிக்கு உறுத்தியது. விஜய்குமாரும் ஆரம்பத்தில் இப்படித்தான் ஊட்டிவிட்டான்.

ஃபாத்திமா ஓயாமல் சொன்னதால் ஒருநாள் மெர்சி ஆஸ்பத்திரிக்குப் போனாள். மனநல ஆலோசகர் ஸ்வர்ணா மெதுவாகக் கேட்டார்:

"சின்ன வயசுல வீட்ல அடிதடி பாத்திருக்கீங்களா?"

"அப்பா அம்மாவ அடிப்பாரு மேடம்."

"உங்கள அடிச்சப்போ யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"அண்ணன்கிட்ட சொன்னேன். ஒவ்வொரு வாட்டியும் அவரே கூட்டினு போய் புருஷன்கிட்டயே வுட்டுட்டாரு. நான் எதிர்த்துப் பேசாம இருந்திருந்தா அடி வுழுந்திருக்காது."

"தப்பு உங்க மேல இல்ல. சின்னதுலயே பாத்த பயம், சொல்லியும் யாரும் கூட நிக்காதது, பழிய நீங்களே சுமக்கறது... இதெல்லாம் சேந்தா காயம் ஆறினாலும் பயம் லேசுல போகாது. இப்ப உங்களுக்குக் கூட நிக்க ஒருத்தர் வேணும்."

'இவங்க யார் அனுப்பின ஆளோ' என்று நினைத்தபடியே மெர்சி எழுந்து வந்தாள்.

அடுத்த வாரம் கேட்டில் செக்யூரிட்டி சின்னப்பா, "உன்ன கேட்டுகினு ஒரு ஆளு வந்தாரும்மா, புருஷன்னு சொன்னாரு" என்றார். மெர்சி நேராக ஃபாத்திமாவிடம் போய், "நான் இங்க இருக்கறத நீதானே சொன்னே?" என்று கத்தினாள்.

பின்னாலேயே வந்த சின்னப்பாதான் பதில் சொன்னார்.

"இந்தம்மாவ ஏம்மா திட்றே? அந்தப் பேர்ல இங்க யாருமே இல்லன்னு சொல்லி அவன அனுப்பினதே இவங்கதான்."

கம்பெனிக்கு வெளியே அதன் பெயர் தெரிந்தவர், வேலை கிடைத்ததும் அவளே சொல்லியிருந்த அண்ணன் சாலமன் மட்டுமே. மெர்சி அங்கேயே போன் செய்தாள்.

"நான்தான் சொன்னேன். எவ்ளோ நாளுக்குத் தனியா இருப்பே? அவன் திருந்திட்டான் மெர்சி."

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு அண்ணனைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. போனை வைத்துவிட்டு, முகத்தைத் துடைக்காமலே கேட்டாள்.

"ஸ்டேஷனுக்கு என்கூட வர்றியா ஃபாத்திமா?"

அன்றே இருவரும் போய்ப் புகார் கொடுத்தார்கள். ஸ்வர்ணா ஏற்பாடு செய்த வக்கீல் மூலம், விஜய்குமார் அவளை நெருங்கக் கூடாது என்று கோர்ட் தடை விதித்தது. அண்ணன் அழைத்தால் மெர்சி எடுப்பதில்லை. மாதந்தோறும் ஸ்வர்ணாவிடம் போகிறாள். வெளியே பெஞ்சில் ஃபாத்திமா காத்திருப்பாள். அவள் ரொம்ப அன்பாக எதையாவது சொன்னால் மட்டும், மெர்சி இன்னமும் ஒரு கணம் அந்த முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறாள்.