துண்டுக்குள் சத்தியதாஸின் கை

ஆரியசாலைக் கடைத்தெருவில் சுக்கு வியாபாரம் செய்த பகவதிப்பெருமாள் பிள்ளை எந்த வேலையையும் யாரிடமும் முழுதாக விட்டவரல்ல. பெருக்கச் சொல்லிவிட்டு மூலையில் விரல் வைத்துத் தூசி பார்ப்பார். கடையைப் பூட்டச் சொல்லிவிட்டு, பூட்டைத் தானே நாலு தரம் இழுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவருக்கு 1933-ல் வாதம் வந்து, வலது கை விரல்கள் மடங்காமல் போயின.

அந்தத் தெருவில் விலையை வாயால் பேசுவதில்லை. இருவர் கையையும் துண்டால் மூடி, விரலைப் பிடித்து அழுத்தித்தான் பேரம். முடிந்த விலையைப் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. வேறு வழியின்றி, பன்னிரண்டு வருஷமாகக் கடையிலிருந்த சத்தியதாஸிடம் பேரத்தை ஒப்படைத்தார். ஆனால் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்தே பழகிய மனுஷரால் துண்டுக்குள் எட்டிப் பார்க்க முடியவில்லை. தூக்கம் போயிற்று.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கும் முன் கடையிலிருந்த நாற்பது மூட்டைச் சுக்கையும் விற்றுத் தள்ளியாக வேண்டும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து முதலுக்கே மோசம். அந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளைக்கு மூளை வேலை செய்தது. கடைப்பக்கமே வந்திராத மைத்துனனை வள்ளியூரிலிருந்து வரவழைத்து, வியாபாரிபோலப் போய், விலையைக் குறைத்தால் கமிஷன் என்று சத்தியதாஸுக்கு ஆசை காட்டச் சொன்னார்.

மைத்துனன் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினான். சத்தியதாஸ் கமிஷனைத் தொடவில்லையாம். பிடித்த விரலை விடவுமில்லையாம். நாற்பது மூட்டையும் தெரு காணாத விலைக்கு மைத்துனன் தலையில் விழுந்துவிட்டதாம். தங்கமான ஆள் என்று பிள்ளைக்கு மனம் குளிர்ந்தது.

மறுநாள் ஆலப்புழை வியாபாரி வந்து மொத்தச் சரக்கையும் கேட்டபோதுதான் குளிர் காய்ச்சலாயிற்று. சரக்கு நேற்றே முடிந்துவிட்டது என்று சத்தியதாஸ் கைகூப்பினான். நேற்றைய ஆளை விட்டுவிட்டு இவருக்கே கொடுக்கும்படி பிள்ளை கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

“அது நடக்காது அண்ணாச்சி. துண்டுக்குள்ள கொடுத்த வாக்காக்கும். மாத்தினா, பின்னே இந்தத் தெருவுல யாரு நமக்குக் கை தருவா? நீங்க படிப்பிச்சுத் தந்ததுதானே?”

பக்கத்துக் கடைக்காரர்கள் தலையாட்டினார்கள். நேற்று வந்தவன் தன் மைத்துனன் என்ற சொல் பிள்ளையின் தொண்டை வரை வந்தது. சொன்னால் தெரு சிரிக்கும். அதைவிட, சத்தியதாஸின் முகத்தில் எப்படி விழிப்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆலப்புழைக்காரர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் சத்தியதாஸ், நேற்று வாங்கியவர் இடம் சொல்லவில்லை, சரக்கை எங்கே இறக்க வேண்டும் என்று கேட்டான். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு, கரமனையில் தன் வீட்டில் இறக்கச் சொன்னார். அவன் ஒரு கணம் அவரையே பார்த்தான். பிறகு போய் வண்டிகளை அழைத்து வந்தான்.

சாயங்காலம் கடையைப் பூட்டிய சத்தியதாஸ், சாவியை நீட்டிவிட்டு ஒதுங்கி நின்றான்.

“இழுத்துப் பாருங்க அண்ணாச்சி.”

பிள்ளை மடங்காத கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.