சார்ட்டில் இல்லாத பருப்பு

கெலாங் பாத்தாவில் எங்கள் ஜிம்முக்கு எடை தூக்கப் பழக வந்தவர் அவர். லாரி ஓட்டுநர், அகலத் தோள், சின்னக் குரல். “இரும்புக்கு முகதாட்சண்யம் கிடையாது தம்பி” என்பார். இணையத்தில் எடுத்த சாப்பாட்டுச் சார்ட் சட்டைப்பையில் மடித்திருக்கும். ஐந்து வேளையும் அவித்த கோழிதான். ஒவ்வொரு வேளையும் அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்த பிறகே சாப்பிடுவார்.

புரட்டாசி பிறந்ததும் அவர் வீட்டில் கவுச்சி நின்றது. கோழியை விட்டவர், அதற்குப் பதிலாக எதையும் சேர்க்கவில்லை. அவித்த முட்டைக்கோசு மட்டும்தான். இரண்டாம் வாரம், பலகையில் மல்லாந்து படுத்து வழக்கமாகத் தூக்கும் எடையே அவர் நெஞ்சின்மேல் நின்றுவிட்டது. நாங்கள் இருவர் தூக்கி எடுத்தோம்.

“வீட்டுல பருப்பு, சோயா தவ்ஃபூ எல்லாம் இருக்குமே அண்ணே. அதச் சாப்பிடுங்க லா” என்றேன்.

தாளைப் பிரித்துக் காட்டினார். “இதுல இல்லையே தம்பி.”

“இத எழுதுனவனுக்குப் புரட்டாசி தெரியுமாண்ணே?”

அவர் சிரிக்கவில்லை. “வீட்டுச் சாப்பாட்ட நம்பித்தான் இப்படித் தொப்ப போட்டேன். உடம்பக் கொறைக்க இது மூணாவது தடவ. இதுவும் சரிவரலேன்னா விட்டுடுவேன்.”

அந்த வாரத்தோடு நின்றவர், புரட்டாசி முடிந்தும் ஜிம்முக்கு வரவில்லை. ஒரு மதியம் நாசி லெமாக் கடையில் பார்த்தேன். தட்டு நிறையத் தேங்காய்ப்பால் சோறு. சாப்பிடும் முன் அவர் கை சட்டைப்பைக்குப் போனது. அங்கே தாள் இல்லாமல் வெறுமனே திரும்பியது. கூப்பிடாமலே வந்துவிட்டேன்.