எந்தக் கையால் அடித்தார்?

படப்பையில் அப்பா உரக்கடை வைத்திருந்தார். வயல்கள் மனைகளான பிறகு உரம் வாங்க ஆளில்லை. கடைக்கு வந்தவர்கள் பாகப்பிரிவினைச் சண்டைகளைத்தான் கொண்டுவந்தார்கள். அதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு வக்கீல் ஆசை வந்தது. சீனியரிடம் சேர்ந்த அன்றே, "பொம்பளப் புள்ளைக்குக் குடும்ப கேஸ் போதும்மா" என்றார். வந்த கோபத்தில் அடிதடி வழக்குகளாகத் தேடித் தேடி எடுத்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் தொங்கும் என் போர்டில் இன்றைக்கும் கிரிமினல் முதலில், குடும்பம் பிறகுதான்.

சில வருஷங்களுக்கு முன், தண்ணீர் மோட்டார் தகராறில் வீட்டுக்காரர் ஒருவர் கீழ் போர்ஷனில் குடியிருந்த அம்மாவை அறைந்துவிட்டதாக வழக்கு. வீட்டுக்காரர் என் கட்சிக்காரர். இடது கையால் அறைந்தார் என்று அந்த அம்மா போலீசில் சொல்லியிருந்தார். சாட்சிக் கூண்டில் நின்ற அந்த அம்மாவிடம் எந்தக் கை, எந்தக் கன்னம், மறுபடி எந்தக் கை என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். கடைசியில், "வலது கைதாம்மா! இன்னாத்துக்கு சும்மா சும்மா கேட்டுகினே கீற?" என்று அழுதுவிட்டார். எனக்கு அது போதும். சந்தேகத்தின் பலனில் விடுதலை.

என் கட்சிக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னதை இங்கேயும் எழுத மாட்டேன். ஆனால் வக்காலத்தில் அவர் கையெழுத்துப் போட்டது இடது கையால். அது நாலு பேர் முன்னால் நடந்தது. நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஜூனியர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டும் இருந்தேன்.

போன வருஷம் ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்காரருடைய மனைவி வந்தாள். முப்பது வயதிருக்கும். இரண்டு மாதமாகக் குழந்தையோடு குன்றத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறாளாம். மகளிர் காவல் நிலையத்தில் புருஷன் மேல் கொடுத்திருக்கும் புகாரை வாபஸ் வாங்க மனு எழுத வேண்டுமாம். குடும்ப வழக்கென்றால் பெண்ணைத் தனியாகத்தான் பார்ப்பேன் என்பது அவருக்கும் தெரியும். அதனால் கீழே காரில் காத்திருந்தார். இங்கே கையெழுத்தானதும் நேரே குன்றத்தூர் போய்க் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

"அவர் எனக்குப் பழைய கட்சிக்காரர்மா. உனக்கு நான் எழுதக் கூடாது" என்றேன்.

அவள் பையிலிருந்து ஒரு தீர்ப்பு நகலை எடுத்து மேசையில் வைத்தாள். "மாமியார் குடுத்தாங்க. கோர்ட்டே என் புள்ளைய நல்லவன்னு சொல்லிடுச்சு, நீ என்னடி சொல்றதுன்னு கேக்குறாங்க. நீங்கதானே மேடம் வாதாடினீங்க? உங்களுக்கு அவரைத் தெரியும். நான் திரும்பப் போலாமா?"

போகாதே என்று சொன்னால் தொழில் துரோகம். போ என்று சொல்ல மனசு வரவில்லை. கீழே ஹார்ன் அடித்தது.

"அதுல அவர் நல்லவர்னு எங்கயும் எழுதல" என்றேன். "படிச்சுப் பாரு."

உட்கார்ந்து, விரலை வைத்துப் படித்தாள். இன்னொரு ஹார்ன். ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது.

"வலது கைன்னு அந்தம்மா மாத்திச் சொன்னதாலதான் விட்டாங்களா?"

"ஆமா."

"வலது கன்னம்னு சொல்ல வந்திருப்பாங்க மேடம்." அவள் கை தன்னையறியாமல் தன் வலது கன்னத்துக்குப் போனது. "இடது கையால அடிச்சா இங்கதான் விழும். பயத்துல குழம்பிட்டாங்க. இந்தக் கேள்விய நீங்களா கேட்டீங்க?"

"நான்தான்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தீர்ப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பின்னாடி படி இருக்கா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது. நாலு கடை தள்ளி ஒரு பெண் வக்கீல் இருக்கிறார். ஒருத்தர் வருகிறார் என்று மட்டும் அவருக்குப் போன் செய்தேன். பின்படியில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து அடங்கவும், முன்படியில் ஷூ சத்தம் ஏறவும் சரியாக இருந்தது. அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. எத்தனை பேருக்கு இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்!

"என்ன மேடம், சைன் பண்ணிட்டாளா?" அவர் மேசையில் கையை ஊன்றினார். இடது கை.

"இல்ல. அவங்க வேற வக்கீலப் பாக்கப் போயிட்டாங்க" என்றேன். "இனிமே நீங்களும் வேற ஆளப் பாத்துக்கங்க."