கைதட்டக் கற்றுக்கொண்ட மகள்

போன லீவு முடிஞ்சு துபாய் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் மகளுக்கு வீடியோ பார்க்கிற டேப் ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டுப் போனார். அப்போ அவளுக்கு ஒரு வயசுகூட ஆகலை. "நான் அடுத்த தடவை வரும்போது புள்ள என்னை வாப்பான்னு கூப்பிடணும். இதுல வர்ற வீடியோவைப் பார்த்தே பேசக் கத்துக்குமாம்"னார். அத்தனை ஆசை மனுஷனுக்கு.

அந்த வீடியோவுல ஒரு பொம்பளை வருவா. எப்பப் பார்த்தாலும் சிரிச்ச முகம். ஒரு ஆப்பிளைக் காட்டி, "எங்கே, நீங்க சொல்லுங்க, ஆப்பிள்!"னுட்டு, காதுகிட்ட கையை வெச்சுக் கொஞ்ச நேரம் காத்திருப்பா. அப்புறம், "சூப்பர்! கரெக்டா சொன்னீங்க!"ன்னு கைதட்டுவா. யாருடி சொன்னா? என் மகள் வாயே திறக்காம அவளையே பார்த்துக்கிட்டு இருப்பா. அவ கைதட்டினா இவளும் தட்டுவா.

சாயங்காலமானா வாப்பா வீடியோ கால்ல வருவார். நாகூர்ல எங்க வீட்டு நெட்டுக்குக் காத்தடிச்சாலும் போச்சு, தூறல் போட்டாலும் போச்சு. படம் நின்னு நின்னுதான் வரும். "வாப்பா சொல்லும்மா"ம்பார். இவ பேசாம இருப்பா. அவரோ, புள்ள சொல்லியிருக்கும், லைன்தான் முழுங்கிடுச்சுன்னு நினைச்சுக்குவார். "மாஷா அல்லாஹ்! என் தங்கம் சொல்லிட்டா!"ன்னு அங்கேருந்து கைதட்டுவார். "சொல்லலை மச்சான்"னு கத்துவேன். அதையும் லைன் முழுங்கிடும்.

ரெண்டு வயசு தாண்டியும் ஒரு வார்த்தை வரலை. "சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும், சும்மா கிட"ன்னாங்க பக்கத்து வீட்டு ராத்தா. தர்காவுல ஓதி வாங்கின சீனியை நாக்குல தடவினோம். காதைச் சோதிச்சோம், குறை இல்லை. இந்த லீவுக்கு அவர் வந்து மூணு வாரம் கழிச்சுத்தான் நாள் கிடைச்சு, தஞ்சாவூர்ல பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மாகிட்ட தூக்கிட்டுப் போனோம்.

அவங்க பந்தைக் காட்டி, "இது என்ன, சொல்லுங்க"ன்னாங்க. மகள் அவங்க வாயையே பார்த்தா. கொஞ்சம் பொறுத்துக் கைதட்டினா.

"வீடியோ போடுறீங்களா? பேசலைன்னாலும் அது பாராட்டிடும். யாராவது கேட்டா சும்மா இருந்துட்டுக் கைதட்டணும்னு புள்ள பழகியிருக்கு. வீடியோ மட்டுந்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். நீங்க கூட உட்கார்ந்து பேசுங்க, அவ சத்தம் கொடுத்தா பதில் கொடுங்க. வரும், நாளாகும்"னாங்க.

எங்களுக்கு நாள் எங்கே இருக்கு? லீவு முடிய ஒரு வாரந்தான்.

அந்த வாரம் பூரா மனுஷன் தரையிலேயே கிடந்தார். பந்தை உருட்டி வாப்பா, சோத்தை ஊட்டி வாப்பா, தொண்டையே கட்டிப்போச்சு. நான் டேப்பைத் தூக்கிப் பரண்ல போட்டேன். அந்தச் சிரிச்ச மூஞ்சியை நாலு அறை விடணும்னு ஆத்திரம். கைக்கு எட்டுற இடத்துலயா இருக்கா அவ?

கிளம்புற அன்னைக்கு, திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போற கார் வாசல்ல நின்னுச்சு. செருப்பை மாட்டினவர் கழட்டிப் போட்டுட்டு உள்ளே வந்து மகள் முன்னால மண்டி போட்டார். "ஒரே ஒரு தடவைம்மா. வாப்பா சொல்லு."

அவ அவர் வாயையே பார்த்தா. வெளியே டிரைவர் ஹாரன் அடிச்சார். அவ உதடு லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் சிரிச்சுக்கிட்டே கைதட்டினா, சொல்லி முடிச்சவ மாதிரி.

அவருக்கும் புரிஞ்சுது. இருந்தும், "சொல்லிட்டா பாரு"ன்னு என்கிட்ட சொல்லிட்டு அவரும் கைதட்டினார். கண்ணுலேருந்து தண்ணி கொட்டுது, தட்டுறார். கார் தெரு முனையைத் தாண்டினப்புறமும் அவ தட்டிக்கிட்டே இருந்தா.