நீல அடையாளத்தை நம்பி நுழைந்த காடு

பெருவுக்குப் போய்வந்து எட்டு மாதமாகிறது. ஆற்றுப் படங்களைப் பார்த்துவிட்டு "எப்படிப் போவது, எவ்வளவு செலவு?" என்று கேட்டவர்களுக்கு நான் பதில் எழுதவே இல்லை. கோபிக்காதீர்கள், இப்போது எழுதுகிறேன். ஆனால் அந்த ஊரின் பெயரையோ ஆற்றின் பெயரையோ எழுதமாட்டேன். வாசிக்கிற ஒருவராவது அங்கே போய்விடுவாரோ என்ற பயம்தான் காரணம்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நானும் என் கணவர் குகனும் தனியாக எங்கேயும் போனதில்லை. கோடை வந்தால் இலங்கை, இல்லாவிட்டால் லண்டனில் சொந்தக்காரப் பெண்பிள்ளை யாருக்காவது சாமத்திய வீடு, பூப்பு நீராட்டு விழா. அதனால் கடந்த இலையுதிர்கால விடுமுறையில், ஒன்பது வயது மகள் ஆரணியை, நாங்கள் இருக்கும் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமில் வசிக்கும் என் அக்காவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். ஒஸ்லோவிலிருந்து மட்ரிட், அங்கிருந்து லீமா, பிறகு ஓர் உள்நாட்டு விமானம், கடைசியில் மூன்று மணிநேரப் படகு. விமானச் சீட்டு ஒருவருக்குப் பதினாலாயிரம் நோர்வே குரோனர். காட்டு விடுதிக்கு இரவொன்றுக்கு ஆயிரத்து இருநூறு, சாப்பாட்டோடு. குகனுக்கு இளம் வயதிலிருந்தே சீனி வருத்தம். நாளுக்கு நாலு தரம் இன்சுலின் போடவேண்டும். அதற்கென்று ஒரு சின்னக் குளிர்ப்பையும் கூடவே வந்தது.

"விடுதிப் பாதையைத் தாண்டிப் போகவேண்டாம்," என்றார் படகோட்டி. நோர்வேப் பள்ளியில் படித்த ஸ்பானிய மொழியை வைத்து ஏன் என்று கேட்டேன்.

"அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்."

ஆட்கள் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். நோர்வேயில் வளர்ந்த புத்தி அப்படித்தான் போகும். இங்கே காடு யாருக்குச் சொந்தமானாலும் எவரும் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம், சட்டமே அதுதான். ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டில் மரத்தில் நீலப் பூச்சு இருந்தால் அது நடைபாதை. அதைப் பார்த்துக்கொண்டே போனால் எங்காவது வாஃபிள் விற்கும் ஒரு குடில் வரும். ஆரணியோடு பல ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்கு அப்படித்தான் கழிகின்றன.

மறுநாள் காலை விடுதிப் பாதை முடிந்த இடத்தில், பெரிய மரமொன்றில் நீலப் பூச்சு தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"இஞ்சையும் அடிச்சு வைச்சிருக்கிறாங்கள்," என்று சிரித்துக்கொண்டு குகன் முன்னால் நடந்தார். நான் ஒவ்வொரு மரத்தையும் படமெடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அவை வெட்டுவதற்காகக் குறித்து வைத்த மரங்கள். குறித்தவர்கள் திருட்டு மரம் வெட்டுகிறவர்கள். ஒரு மணிநேரம் நடந்து, நேரே அவர்களுடைய முகாமுக்குள்ளேயே போய் நின்றோம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

ஐந்து பேர். இரண்டு பேரிடம் துப்பாக்கி. மஞ்சள் தொப்பி போட்டவர்தான் தலைவர். என் தொலைபேசியை வாங்கி, வரிசையாக நீல மரங்களைப் பார்த்தார். பிறகு குகனின் கையைப் பார்த்தார். சீனியின் அளவு காட்டுவதற்காகத் தோளுக்குக் கீழே ஒட்டியிருந்த வெள்ளை வில்லையைப் பிய்த்தெடுத்து, "இது யாருக்குச் செய்தி அனுப்புகிறது?" என்று கத்தினார். அரசாங்கம் அனுப்பிய உளவாளிகள் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். பையையும் பறித்துக்கொண்டு, எங்களை ஒரு தகரக் கொட்டிலுக்குள் விட்டுப் பூட்டினார்கள். இன்சுலின் அந்தப் பைக்குள் இருந்தது.

நான் அழுதேன், கத்தினேன். "கதைக்காதையும். கையைத் தெரியிறமாதிரி வையும். அவங்கட கண்ணைப் பாக்காதையும்," என்றார் குகன். பத்தொன்பது வயதில் இலங்கையில் ஒரு தடுப்பு முகாமில் இருந்தவர் அவர். அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அன்று தானாகவே சொன்னார்: "அப்ப எனக்கு இவ்வளவு பயம் இருக்கேல்லை. அப்ப பிள்ளை இல்லைத்தானே."

இரண்டாம் நாள் அவருக்குத் தாகம் அடங்கவில்லை. கொடுத்த சோற்றைத் தொடவில்லை. பின்னேரம் வாந்தியெடுக்கத் தொடங்கினார். மூச்சில் அழுகிய பழத்தின் வாசம் வந்தது. இன்சுலின் இல்லாமல் இரத்தம் நஞ்சாகிறதன் அடையாளம் அது என்று எனக்குத் தெரியும். கதவைத் தட்டி மருந்து, மருந்து என்று கேட்டேன். பையில் ஊசியைக் கண்டு அது போதைமருந்து என்று நினைத்தார்களோ தெரியாது, ஒருவரும் வரவில்லை. ஆரணிக்கு என்ன சொல்லப்போகிறேன் என்ற ஒரே நினைப்பு மட்டும் தலைக்குள் சுற்றியது.

மூன்றாம் நாள் காலையில் கதவை உதைத்தேன். தட்டித் தட்டிக் கை வலித்தது, காலால்தான் முடிந்தது. மஞ்சள் தொப்பிக்காரர் வந்தார். "என் தொலைபேசியில் இன்னும் பழைய படங்களைப் பாருங்கள்," என்றேன். தள்ளிக்கொண்டே போனார். ஒஸ்லோக் காடு வந்தது. அதே நீலப் பூச்சு. அதற்குக் கீழே ஆரஞ்சுநிறத் தோடம்பழம் உரித்தபடி ஆரணி.

"எங்கள் ஊரில் இது நடக்கிற பாதை," என்றேன்.

"இந்த மரத்தை வெட்டமாட்டீர்களா?"

"இல்லை. பார்த்துக்கொண்டு நடப்போம்."

"எங்கே போக?"

"சும்மா."

அவர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். உயிரோடு இருக்கும்வரை யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அப்போது தோன்றியது. "அந்தப் பிள்ளையின் அப்பா இவர். பையைத் தராவிட்டால் இன்றைக்கே செத்துப்போவார்," என்றேன். சிரிப்பு நின்றது. பை வந்தது. நானே ஊசி போட்டேன்.

மத்தியானம் படகில் ஏற்றி விடுதிக்கு அருகே இறக்கிவிட்டார்கள். அங்கே எடுத்த நீல மரப் படங்களை மட்டும் அழித்துவிட்டுத் தொலைபேசியைத் தந்தார்கள். இறங்கும்போது மஞ்சள் தொப்பி சொன்னார்: "இனி வந்தால் படம் பார்க்கமாட்டேன்." குகன் இரண்டு நாள் ஊர் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தார்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். படகோட்டி போகாதே என்றால் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் போகாமல் இருங்கள். மரத்தில் பூச்சைக் கண்டால் அதை யார் அடித்தது என்று முதலில் விசாரியுங்கள். எப்போது திரும்புவீர்கள் என்று விடுதியில் சொல்லிவைத்துவிட்டுப் புறப்படுங்கள். மருந்தை ஒரே பையில் வைக்காதீர்கள், ஒரு பாதி உடம்போடு இருக்கட்டும். பயணக் காப்புறுதி இல்லாமல் வீட்டுப் படி இறங்கவேண்டாம்.

ஒஸ்லோ விமான நிலையத்தில் ஆரணி கேட்ட முதல் கேள்வி, "ஏன் மூண்டு நாள் ஃபோன் எடுக்கேல்லை?" என்பது. "நெட்வேர்க் இல்லை," என்றார் குகன். அது பொய்யில்லை. இதை நான் தமிழில் எழுதுவதற்கும் அவள்தான் காரணம். நோர்வேஜியப் புத்தகங்களை ஒரே மூச்சில் முடிப்பவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், அதனால் இந்தக் கதை அவளுக்குத் தெரியவராது என்று நம்பியிருந்தேன்.

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் அவளுடைய ஆசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்கட மகள் இப்ப தமிழ்ப் பேப்பரே வாசிக்கிறா, தெரியுமோ?"

ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினேன். ஆரணி இன்னும் வரவில்லை. ஆசிரியை சொன்னதைக் குகனிடம் சொன்னேன், அவர் போட்ட சாவியைத் திரும்ப எடுத்தார்.

"நடந்ததை நாங்களே அவளுக்குச் சொல்லுவம். வாசிச்சு அறியவேண்டாம்."