வெயிலில் சாம்பலாகும் வெள்ளை

என் அம்மாவின் தங்கை ஐரீன், வெள்ளை நிறத்தை வெயிலில் வைத்துப் பார்த்ததே கிடையாது. காலை ஒன்பது மணிக்குள், வடக்கு ஜன்னலோரம், நிழலில்தான் பார்ப்பார். "வெயில்ல வச்சா கலீஜான வெள்ளையும் நல்லாத்தான் தெரியும். அத்த நம்பி ஏமாறக்கூடாது" என்பார். பதினோரு வருஷம் அந்தப் பழக்கம் அவரைக் கைவிடவில்லை. 1971ஆம் வருஷம் மே மாதம் அந்தப் பழக்கமேதான் அவரை மாட்டிவிட்டது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சந்தில் தண்டபாணி என்பவரின் பட்டறை இருந்தது. மேசை விரிப்புக்கும் நாற்காலி உறைக்கும் ஆகிற பிளாஸ்டிக் ஷீட் அங்கே போட்டார்கள். பிளாஸ்டிக் பொடி, எண்ணெய், நிறப்பொடி மூன்றையும் பிசைந்து, சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டால் ஷீட்டாக இறங்கும். உருளைகளை ஓட்டியவர் தங்கபுஷ்பம். எந்த நிறப்பொடி, எவ்வளவு என்று தீர்மானிப்பது சின்னம்மா. அவர் படித்தது எட்டாவது. ஆனால் யாராவது ஒரு துணித்துண்டை நீட்டி "இதே பச்சை வேணும்" என்றால், மூன்றாவது கலவையில் அதே பச்சையைக் கொண்டுவந்துவிடுவார். ஒவ்வொரு கலவை முடிந்ததும் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, நோட்டுப் புத்தகத்தில் கறுப்பு நூலால் தைத்து, பக்கத்தில் என்னென்ன போட்டோம் என்று எழுதிவைப்பார்.

நான் கடல் தாண்டி வந்து முப்பது வருஷமாகிறது. சின்னம்மாவும் தங்கபுஷ்பமும் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எதையாவது மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் இருவருக்கும் திரும்பத் திரும்ப போன் போட்டு அவர்கள் பொறுமையைச் சோதித்திருக்கிறேன்.

துறைமுகத்தில் நனைந்துபோன சரக்கை ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் தண்டபாணி ஏலத்தில் நாலு மூட்டை வெள்ளைப் பொடி எடுத்துவந்தார். லித்தோபோன் என்று பெயர். பிளாஸ்டிக்குக்கு வெண்மை கொடுப்பது அதுதான். கடல்தண்ணீர் பட்டு அது கட்டிகட்டியாக இறுகிக் கிடந்தது.

"இன்னாம்மா ஐரீனு, இது தேறுமா?" என்றார் தண்டபாணி.

"வறுத்துட்டா போச்சு, மொதலாளி."

பட்டறைக்குப் பின்னால் ஆசீர்வாதத்தின் பித்தளை வார்ப்பு உலை இருந்தது. சின்னம்மா அங்கே போய், பெரிய இரும்புத் தட்டில் பொடியைப் பரப்பி, உப்புமாவுக்கு ரவை வறுப்பதுபோல வறுத்தார். ஆறவிட்டுச் சலித்தார். கலந்து ஷீட் போட்டு, மறுநாள் காலை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். அப்பழுக்கில்லாத வெள்ளை. இருபது சுருள் வந்தது. பத்துச் சுருளை வண்ணாரப்பேட்டை வியாபாரி மஜீது வாங்கிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் மஜீது ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். இறங்கும்போதே சத்தம்.

"இன்னா நைனா, வெள்ள ஷீட்டுன்னு சொல்லி அடுப்பு சாம்பலத் தலைல கட்டிட்டியே! கடை வாசல்ல தொங்கவிட்டேன். மத்தியானத்துக்குள்ள எரும மாடு கலருக்குப் பூட்ச்சு!"

"சரக்கு எங்க பாய்?"

"கைவண்டில ஏத்தி வுட்டுகீறேன். நாளைக்கு காலைல வரும். நீயே பாரு."

மறுநாள் வண்டி வந்தது. சாக்கைப் பிரித்தார்கள். ராத்திரி முழுக்கச் சாக்குக்குள் கிடந்த ஷீட் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. தண்டபாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாய்க்குக் கண்ணு பூட்ச்சு. கண்ணாடி மாத்தச் சொல்லுங்கடா" என்று வண்டிக்காரரிடம் சொல்லி, சரக்கைத் திருப்பி அனுப்பினார்.

அந்தச் சிரிப்பு மூன்று நாள்கூட நிலைக்கவில்லை. மஜீது மறுபடி ஆள்விட்டார். தண்டபாணி தானே நேரில் போனார். உச்சிவெயிலில் கடை வாசலில் நின்று பார்த்தார். பாய் சொன்ன எருமை மாடு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த தண்டபாணி கலவை அறைக்குள் செருப்போடு நுழைந்தார்.

"ஐரீனு, நெசத்த சொல்லு. வெள்ளப்பொடிய வெளில தள்ளிட்டு, சுண்ணாம்பத்தான போட்டுவுட்டே?"

சின்னம்மா கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தார். பிறகு, "பதினோரு வருசத்துல ஒரு சிட்டிக பொடி என் முந்தானைல ஒட்டிகினு போனது உண்டா மொதலாளி?" என்று கேட்டார்.

"அதெல்லாம் தெரியாது. சனிக்கெழம மத்தியானம் பாயி வர்றாரு. அதுக்குள்ள இது இன்னான்னு காட்டு. இல்லாங்காட்டி திங்கக்கெழம வராத."

அன்று புதன்கிழமை. வேலை போனால் வேறு வேலை கிடைத்திருக்கும். சித்தப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ராயபுரத்தில் அவர்கள் தெருவில் பாதிப் பேர் இந்தப் பக்கம்தான் வேலைக்கு வந்துபோனார்கள். பொடி திருடி வேலை போனவள் என்ற பேச்சு அவருக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எந்த முகத்தோடு பெஞ்சில் உட்காருவது?

உலைப் பக்கம் நின்று சின்னம்மா அழுததாகத் தங்கபுஷ்பம் சொல்கிறார். "பொக கண்ணுல பட்டுச்சு, அவளுக்கு வேற வேல இல்ல" என்கிறார் சின்னம்மா. யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சின்னம்மா தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப்போய், காம்பவுண்டு சுவர்மேல் விரித்து, காற்றில் பக்கம் புரளாமல் நாலு கல் வைத்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய வெள்ளைத் துண்டுகள் வெயிலைப் பார்த்தன. அரை மணி நேரம் கழித்துப் போனால், பழைய துண்டுகள் அப்படியே இருந்தன. வறுத்த பொடியில் போட்ட மூன்று துண்டுகள் மட்டும் சாம்பல் நிறமாகியிருந்தன.

"உலையோட கரி வந்து ஒட்டிகினு கீது யக்கா" என்றார் தங்கபுஷ்பம்.

சின்னம்மா எச்சில் தொட்டுத் தேய்த்தார், போகவில்லை. ஒரு துண்டைத் தையல் பிரித்து எடுத்தார். நூல் ஓடியிருந்த இடமெல்லாம் மெல்லிய வெள்ளைக் கோடு, தையல் தையலாக. நூலுக்கு அடியில் வெயில் போகவில்லை. அங்கே நிறம் மாறவில்லை. அந்தத் துண்டைப் பொடி டப்பாவுக்குள் போட்டு மூடினார். சாயந்தரம் திறந்தபோது பாதி வெளுத்திருந்தது. மறுநாள் காலையில் கோடு எது, துண்டு எது என்றே தெரியவில்லை.

அந்த அதிசயத்தைத் தண்டபாணியிடம் கொண்டுபோனார். அவர் அசைந்துகொடுக்கவில்லை.

"மாறுது, சரி. சுண்ணாம்பு போட்டாக்கூட மாறலாமே? எனக்கு இன்னா தெரியும்?"

"அப்ப உங்க கண்ணெதிர்ல செய்யறேன். நீங்களே மூட்டையப் பிரிங்க. நல்ல பொடி, தண்ணி படாத பொடி. அதையே மாத்திக் காட்டறேன்."

இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் மலைப்பாக இருக்கும். வேதியியலில் ஒரு எழுத்துத் தெரியாதவர். ஒரு குற்றத்திலிருந்து தப்பிக்க, அந்தக் குற்றத்தை வேண்டுமென்றே திரும்பச் செய்து காட்டுகிறேன் என்கிறார். அவர் யோசித்தது எளிமையானது. இந்தப் பொடிக்கு நடந்தது இரண்டுதான்: கடல்தண்ணீரில் நனைந்தது, நெருப்பில் வறுபட்டது. அந்த இரண்டையும் நல்ல பொடிக்குச் செய்தால் அதுவும் மாறவேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே கடற்கரைக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். தண்டபாணி பிரித்துக் கொடுத்த பொடியை அதில் பிசைந்து, உலையின் விளிம்பில் வைத்துப் பொறுமையாகக் காயவைத்தார். ஷீட் போட்டார். சுவர்மேல் வைத்தார். இரண்டு மணி நேரம் வெயில் காய்ந்தது. ஷீட் வெள்ளையாகவே கிடந்தது.

தண்டபாணி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"யக்கா, நீ அன்னிக்கி இப்பிடியா வறுத்தே?" என்று தங்கபுஷ்பம் கேட்டார்.

"வேற எப்பிடி?"

"நீ தட்ட வச்சுட்டு மஞ்சக் கலவைக்கு வந்துட்டல்ல. ஆசீர்வாதம் அண்ணன் அத்த உள்ள தள்ளிட்டு டீ குடிக்கப் பூட்டாரு. நான் தண்ணிக்குப் போசொல்ல பாத்தேன். தட்டு செவசெவன்னு கீது. கூப்டு சொன்னேன், நீதான் கொறட எடுத்தாந்து இழுத்தே."

சின்னம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வறுத்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தது வறுவலே அல்ல; பொடி நெருப்பாகச் சிவந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கே ஆசீர்வாதத்தின் உலை முன்னால் நின்றார். தட்டு சிவக்கும்வரை விடவில்லை. "என் உலையில பித்தள காய்ச்சறதா, உனக்கு மாவு வறுக்கறதா?" என்று ஆசீர்வாதம் முனகிக்கொண்டே துருத்தி மிதித்தார். பதினோரு மணிக்கு இரண்டு ஷீட் தயார். ஒன்று மூட்டையிலிருந்து நேராக எடுத்த பொடியில் போட்டது. இன்னொன்று அதே மூட்டைப் பொடியைக் கடல்தண்ணீரில் பிசைந்து சிவக்க வறுத்துப் போட்டது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே வெள்ளை.

மஜீது வந்தார். இரண்டு ஷீட்டையும் முற்றத்தில் விரித்தார்கள்.

"மொதலாளி, இது மேல கைய வைங்க" என்றார் சின்னம்மா.

"நானா? எதுக்கு?"

"நீங்கதான நம்பல."

தண்டபாணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வறுத்த பொடி ஷீட்டின்மேல் உள்ளங்கையைப் பதித்தார். மே மாத வெயில். மண்டையிலிருந்து வியர்வை வழிந்தது.

"எம்மா நேரம்மா?"

"இருவது நிமிசம்."

"இருவது நிமிசமா! பாய், ஒரு கொடையாவது புடி."

"கொட புடிச்சா வெயிலு எங்க வரும்?" என்றார் மஜீது. "ஆடாத நைனா. ஸ்டேசன்ல ரேக எடுக்கச் சொல்லோ ஆடுவாங்களா? அப்பிடியே கெட!"

இருபது நிமிஷம் கழித்துக் கையை எடுத்தார். சுற்றிலும் சாம்பல், நடுவில் ஐந்து விரலோடு, மோதிரத்தின் புடைப்போடு, ஒரு வெள்ளைக் கை. பக்கத்து ஷீட் வைத்தபடியே வெள்ளையாக இருந்தது. மஜீது குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "யா அல்லா, ஷோக்கா கீதே" என்றார். "தங்கச்சி, என் கண்ணு நல்லாத்தான் கீதுன்னு இந்த ஆளாண்ட சொல்லு."

தண்டபாணி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. "திங்கக்கெழம சீக்கிரம் வந்துடு, நீலம் ஆர்டர் கீது" என்றார். சின்னம்மாவுக்கு அது போதவில்லை. "பொடி எடுக்கலன்னு தங்கபுஷ்பம் முன்னால சொல்லுங்க" என்றார். உருளையை நிறுத்தச் சொல்லி, எல்லோரும் கேட்க, தண்டபாணி சொன்னார்.

உப்பும் சூடும் சேர்ந்தால் அந்தப் பொடிக்கு வெளிச்சத்தில் கறுத்து இருட்டில் தெளிகிற குணம் வந்துவிடும் என்று, பல வருஷம் கழித்து, இங்கே ஒரு வேதியியல் ஆசிரியர் எனக்கு விளக்கினார். சின்னம்மாவிடம் போனில் சொன்னேன். "அதத்தான நானும் சொன்னேன்" என்றார்.

மஜீதுக்கு நல்ல பொடியில் பத்துச் சுருள் போட்டுக் கொடுத்தார்கள். அவர் திருப்பிக் கொடுத்த பத்தையும் சேர்த்து, மாறுகிற சுருள் இருபதும் மூலையில் கிடந்தன. அடுத்த வாரம் ஒருநாள் சாயந்தரம், எண்ணூர் பக்கம் டீக்கடை வைத்திருந்த சண்முகவேல் விரிப்பு வாங்க வந்தார். தண்டபாணி டியூப்லைட்டைப் போட்டு அந்தச் சுருளில் ஒன்றை உருட்டிவிட்டார். வெயில் படாததால் அது வெள்ளையாகவே பளபளத்தது. சண்முகவேல் தடவிப் பார்த்து, "நல்லா கீதே" என்றார்.

கலவை அறையிலிருந்து சின்னம்மா வெளியே வந்தார். தண்டபாணி கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"அண்ணே, இது வெயில்ல போட்டா சாம்பலாயிடும். ராத்திரி வெளுத்துடும். தெரிஞ்சு வாங்குறதுன்னா வாங்குங்க."

"ஐரீனு!" என்றார் தண்டபாணி.

"போன வாரம் என்னிய திருடின்னீங்க மொதலாளி. இத்த சொல்லாம வித்தா, அது நெசமாயிடும்."

சண்முகவேல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். என்ன, எப்படி என்று கேட்டார். தண்டபாணியின் கை பதிந்த கதையைத் தங்கபுஷ்பம் நடித்தே காட்டினார். சண்முகவேலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என் கடை வாசல்ல நாலு பெஞ்சு வெயில்லதான் கெடக்குது. கிளாஸு வச்ச எடம் வட்டவட்டமா தெரியும்ல? ரெண்டு சுருளு குடுங்க. ஜனம் வேடிக்க பாக்கவாச்சும் வரும்."

இரண்டு சுருளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். தண்டபாணி மூன்று நாள் சின்னம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் கலவை அறை வாசலில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அந்த டீக்கடைக்காரன் இன்னும் மூணு பேர இட்டாந்துகீறான். எல்லாருக்கும் மாறுற ஷீட்டுதான் வோணுமாம். இருக்கறது போதாது போலகீது. இன்னும் போட முடியுமா?"

"சொல்லி விக்கறதுன்னா போடறேன்" என்றார் சின்னம்மா, குடத்தை எடுத்துக்கொண்டு கடல் பக்கம் நடந்தபடி.